தொட்டதும் துள்ளும் ஃபேடர்

ஒலிப்பதிவு பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எட்டு ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் பிடி) உள்ள மிடி கன்ட்ரோலர் (இசை மென்பொருளைக் கையால் இயக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி, ஏபிள்டன் லைவ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மேப் செய்திருக்கிறேன், அதாவது எந்த ஃபேடர் எதை இயக்கும் என்று இணைத்திருக்கிறேன். நேற்று இரவு வரை ஒழுங்காக இருந்தது. இன்று காலை ப்ராஜெக்டைத் திறந்து முதல் ஃபேடரை லேசாகத் தொட்டேன், தம்புரா டிராக் காதைப் பிளக்கும் சத்தத்துக்குத் தாவிவிட்டது. கன்ட்ரோலர் பழுதா? கடையில் மாற்றித் தருவார்களா? (ராஜபாளையம்)

பதில்: கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஃபேடர் அனுப்புவது வெறும் எண். அடியில் இருந்தால் 0, உச்சியில் இருந்தால் 127. நீங்கள் அசைக்கும் வரை அது வாயே திறக்காது. நேற்று தூங்கப் போகும்முன் வேறு ஏதோ பாட்டுக்காக அந்த ஃபேடரை உச்சிக்குத் தள்ளியிருப்பீர்கள். இன்று திறந்த ப்ராஜெக்டிலோ தம்புரா அடக்கமாக, கீழே சேமிக்கப்பட்டிருக்கிறது. ஃபேடர் எங்கே நிற்கிறது என்று லைவுக்குத் தெரியாது. விரல் பட்டதும் 126 என்று ஒரு எண் போனது, லைவ் சொன்னபடி கேட்டது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பாடகிக்கு ஹெட்போனில் போகும் சத்தத்தை ஃபேடரில் மேப் செய்து வைத்திருந்தேன். "அண்ணே, டிராக் இன்னும் கொஞ்சூண்டு கூட்டுங்க" என்றார். தொட்டேன். ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே போய்விட்டார். மறுபடி மைக் முன்னால் வந்து நிற்க முக்கால் மணி நேரம் ஆனது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். லைவின் செட்டிங்ஸில் மிடி பக்கத்தைத் திறந்தால் 'டேக்ஓவர் மோடு' என்று இருக்கும். உங்களுடையது 'நன்' (ஒன்றுமில்லை) என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதை 'பிக்கப்' ஆக்குங்கள். அதன்பின் ஃபேடரை நகர்த்தினாலும், சேமித்த அளவை அது கடக்கும் வரை திரையில் ஒன்றும் அசையாது. கடந்ததும் கையோடு சேர்ந்துகொள்ளும். 'வேல்யூ ஸ்கேலிங்' என்று இன்னொன்றும் உண்டு. அதில் கையும் திரையும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்து போகப்போக ஒன்றுசேரும். ஸ்டூடியோவில் எனக்கு பிக்கப் போதும். மேடையில் வேல்யூ ஸ்கேலிங்தான். பாட்டு ஓடும்போது ஃபேடர் செத்ததுபோல் கிடந்தால் கை நடுங்கும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் 'லேர்ன்' பெட்டியில் 'சாஃப்ட் டேக்ஓவர்' என்பதை டிக் செய்தால் இதே வேலை நடக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை. லைவில் ஒரு டிராக்கின் வால்யூமை ஃபேடரில் மேப் செய்தால் 127 என்பது 0 டெசிபெல்லில் நிற்காது, கூட்டல் 6 வரை போகும். கன்ட்ரோல் விசையோடு எம் அழுத்தி மேப் மோடுக்குப் போங்கள். இடப்பக்கம் மேப்பிங் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் மினிமம், மேக்ஸிமம் இருக்கும். மேக்ஸிமத்தை 0 டெசிபெல் ஆக்கிவிடுங்கள். இனி எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் காது பிழைக்கும்.

கேள்வி: கீபோர்டின் ஒரு நாபை (திருகும் குமிழ்) ஃபில்டருக்கு (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது) மேப் செய்தேன். புதிதாக வாங்கிய நாப் பெட்டியைத் திருகினாலும் அதே ஃபில்டர் ஆடுகிறது. பேய் பிடித்ததா? (திருச்சி)

பதில்: இரண்டு பெட்டிகளும் ஒரே பேச்சைப் பேசுகின்றன. மிடி கன்ட்ரோல் செய்தியில் மூன்றே விஷயம்தான் இருக்கும்: சேனல், கன்ட்ரோலர் எண், மதிப்பு. எந்தப் பெட்டி அனுப்பியது என்பது அதில் எழுதியிருக்காது. வாங்கி வந்தபடியே வைத்திருந்தால் இரண்டும் முதல் சேனலில், ஒரே எண்ணில் பேச வாய்ப்பு அதிகம். சேனல்கள் மொத்தம் 16 இருக்கின்றன. கம்பெனி தரும் எடிட்டர் மென்பொருளில் புதுப் பெட்டியை இரண்டாம் சேனலுக்கு மாற்றி, அப்புறம் அதை மேப் செய்யுங்கள். எண்களை மாற்றுவதானால் 1, 7, 11, 64 நான்கையும் விட்டுவிடுங்கள். அவை முறையே மாடுலேஷன், வால்யூம், எக்ஸ்பிரஷன், சஸ்டெயின் பெடல்.

கேள்வி: கீபோர்டில் பிட்ச் வீல் (சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம்) உடைந்துவிட்டது. வீணை பிளகினின் (வீணை ஒலி தரும் மென்பொருள்) பிட்ச்சை ஒரு நாபில் மேப் செய்து தோடி வாசிக்கிறேன். ஒரு ஸ்தாயி மேலும் கீழும் போகிற மாதிரி வைத்திருக்கிறேன். வழுக்கிப் போக வேண்டிய இடத்தில் படிக்கட்டு ஏறுவது போல் கேட்கிறது. (கும்பகோணம்)

பதில்: மேலும் கீழும் ஒரு ஸ்தாயி என்றால் மொத்தம் 2400 சென்ட் (ஒரு அரைசுரம் 100 சென்ட்). நாபுக்கு 127 படிகள்தான். ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட், காது கண்டுபிடித்துவிடும். பிட்ச் வீல் 16,384 படிகளில் பேசுவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

வீச்சைக் குறையுங்கள். மேலே இரண்டு அரைசுரம், கீழே இரண்டு அரைசுரம் போதும். ஒரு படி மூன்று சென்ட் ஆகிவிடும். தோடிக் காந்தாரத்துக்கு இது கச்சிதமான அளவு: சாதாரண காந்தாரத்தை அழுத்திக்கொண்டு நாபைக் கீழே விட்டால் சுத்த ரிஷபம், மேலே ஏற்றினால் சுத்த மத்தியமம். அசைவு அதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் வீலில் ஸ்பிரிங் உண்டு, விட்டால் நடுவுக்குத் திரும்பும். நாப் விட்ட இடத்தில் நிற்கும். அடுத்த சுரம் அபசுரமாக வரும்போது என்னைத் திட்டாதீர்கள். வீலுக்கு உதிரி பாகம் கிடைக்கிறதா என்று ஒரு நல்ல கீபோர்டு மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள்.