மலை ஏறுவதற்கு முன் தமக்கே ஈமச்சடங்கு

கேள்வி: சபரிமலைக்கு மாலை அணிந்து விரதம் இருக்கும் என் கணவர், ஜப்பானிலும் மலைக்குள் சென்று கடுந்தவம் செய்யும் துறவிகள் இருப்பதாகச் சொல்கிறார். அவர்கள் பௌத்தர்களா? தவம் இடையில் தவறினால் உயிரை மாய்த்துக்கொள்வார்கள் என்பது உண்மையா? பெண்கள் அதில் சேரலாமா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கணவர் குறிப்பிடுவது பெரும்பாலும் 'யமபுஷி' எனப்படும் மலைத்தவசிகளையே. அவர்களுடைய நெறிக்கு 'சுகென்தோ' என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, மந்திரத்தால் மக்களை மயக்குகிறார் என்ற குற்றச்சாட்டில் 699இல் இசு பகுதிக்கு நாடுகடத்தப்பட்ட என் நோ கியோஜாவை அவர்கள் ஆதிகுருவாகப் போற்றுகின்றனர்.

அவர்கள் பௌத்தர்களா என்ற கேள்வியே முன்னாளில் எழுந்திருக்காது. மந்திரச் சடங்குகள் நிறைந்த தாந்திரிக பௌத்தமும் ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிந்தோவின் மலைத்தெய்வ வழிபாடும் அவர்களிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. விகாரை வளவுக்குள்ளேயே விஷ்ணுவுக்கும் கதிர்காமக் கடவுளுக்கும் தேவாலயம் இருப்பதைப் பார்த்துப் பழகிய கொழும்பு வாசகர்களுக்கு இது வியப்பளிக்காது. 1868இல் மெய்ஜிப் பேரரசர் காலத்து அரசு இரு சமயங்களையும் ஆணையிட்டுப் பிரித்தது. 1872இல் சுகென்தோவையே தடைசெய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அது மீண்டும் தலைநிமிர்ந்தது. அந்தப் பிரிவினையின் வடு இன்னும் ஆறவில்லை: யமகதா மாகாணத்தின் ஹகுரோ மலையில் ஒரே இலையுதிர்காலத் தவத்தை இன்று பௌத்த ஆலயம் ஒன்றும் ஷிந்தோ ஆலயம் ஒன்றும் தனித்தனியே நடத்துகின்றன.

ஓகஸ்ட் மாத இறுதியில் நடக்கும் அந்தத் தவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ ஆகிய மூன்று மலைகளுள் 1,984 மீற்றர் உயரமான கஸ்ஸான் இறந்தோரின் உலகாகவும் யுதோனோ மறுபிறப்பின் இடமாகவும் கருதப்படுகின்றன. மலைக்குள் நுழையும் முன் தவசிகள் தமக்கே ஈமச்சடங்கு செய்துகொள்கிறார்கள். அதன் பின் மலையே அவர்களுக்குக் கருப்பை. நரகம் முதலான பிறவி நிலைகளை ஒவ்வொன்றாக உடம்பால் அனுபவிக்க வேண்டும் என்பதால், பசித்த பேய்களின் நிலைக்கு உண்ணாநோன்பும் விலங்கு நிலைக்குக் குளியாமையும் விதிக்கப்பட்டுள்ளன. நரகத்துக்கு மிளகாய்ப்புகை. கதவுகளை அடைத்துவிட்டு, தணற்சட்டியில் மிளகாய்த்தூளையும் தவிட்டையும் கொட்டி விசிறுவார்கள்; செத்தல் மிளகாய் கருகிய அடுப்படியில் ஒரு நிமிடம் நின்றவர்களுக்கே அந்த அறை எப்படியிருக்கும் என்பது விளங்கும். தவம் முடிந்து இறங்கும்போது, பிறந்த குழந்தையின் முதல் அழுகையாக அனைவரும் உரக்கக் குரலெழுப்புவார்கள். காட்டிலேயே தங்கிவிடும் துறவு அல்ல இது. ஊருக்குத் திரும்புவதற்காகவே மலை ஏறுகிறார்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் செய்தி, கியோத்தோவுக்கு அருகிலுள்ள ஹியேய் மலையில் தெந்தாய் எனும் பௌத்தப் பிரிவின் துறவிகள் மேற்கொள்ளும் ஆயிரம் நாள் நடைத்தவத்தைச் சேர்ந்தது. ஏழு ஆண்டுகளில் பகுதி பகுதியாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றரும் ஒரு கட்டத்தில் 84 கிலோமீற்றரும் நடக்க வேண்டும். இடையில் கைவிட நேர்ந்தால் உயிர் துறப்பதற்கென்று கயிறும் குறுவாளும் உடன் எடுத்துச் செல்வது மரபு. இன்று அவை உறுதிப்பாட்டின் அடையாளங்களாகவே கொள்ளப்படுகின்றன. செய்திகளில் இந்தக் கத்தியைத்தான் பெரிதாக்குகிறார்கள். என் பார்வையில் அதைவிட வியப்புக்குரியது, 700 நாள் நடை முடிந்ததும் வரும் ஒன்பது நாள் நோன்பு. உணவு, நீர், உறக்கம் மூன்றையும் விட்டு, படுக்காமல், அசலர் எனும் பௌத்தக் காவல் தெய்வத்தின் மந்திரத்தை ஜபித்தபடி இருக்கும் துறவி, இரவுதோறும் தாமே கிணற்றடிக்குச் சென்று நீர் மொண்டு வந்து தெய்வத்துக்குப் படைக்க வேண்டும். அதில் ஒரு மிடறும் அவருக்கில்லை.

பெண்களைப் பொறுத்தவரை ஒரே விதி இல்லை. புனித மலைகளில் பெண்களுக்கிருந்த தடையை அரசு 1872இல் நீக்கிவிட்டது. ஆயினும் நாரா மாகாணத்தின் ஓமினே மலைத்தொடரில், 1,719 மீற்றர் உயரமான சஞ்ஜோ சிகரத்துக்குப் பெண்கள் இன்றும் ஏறக்கூடாது என்பது வழக்கம். 2004இல் அப்பகுதி யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பின்னரும் பாதையோரத் தடை வாயில் அகற்றப்படவில்லை. புதிதாக வரும் ஆண்களை அங்கே கயிற்றில் கட்டிச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் தலைகீழாக நீட்டிப் பிடித்து, இனி ஒழுங்காக நடப்பாயா என்று அதட்டிக் கேட்பார்கள். ஆகவே ஓமினேவுக்கு உங்கள் கணவர் தனியாகத்தான் போகவேண்டும். ஹகுரோவில் பெண்களும் தவத்தில் சேர்கிறார்கள். மிளகாய்ப்புகைக்கு ஆயத்தமென்றால் அங்கே இருவரும் சேர்ந்தே போகலாம்.