தானியங்கி வாயிலும் தோட்டத்துப் பிறப்புப் பதிவும்

கேள்வி: வெளிநாட்டுப் பயணிகள் பெருகிவிட்டதால் பல விமான நிலையங்களில் அதிகாரிக்குப் பதிலாக இயந்திரமே கடவுச்சீட்டைப் பார்த்துக் கதவைத் திறக்கிறதாம். நமது கட்டுநாயக்கா விமான நிலையத்திலும் முழுவதும் அப்படிச் செய்துவிட்டால், வேலைக்குப் போகும் நம் பெண்கள் கருமபீடத்தின் முன் நின்று படும் பாடு தீருமல்லவா? என் மகளும் அடுத்த ஆண்டு டுபாய் செல்ல ஆயத்தமாகிறாள்.
– ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தீராது, அம்மா. வரிசை குறையும்; அதுவும் வேண்டியதுதான். ஆனால் நம் பெண்களின் அலைச்சல் தேயிலைத் தோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த வாயில் செய்வது என்னவென்று முதலில் பாருங்கள். கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தைக் கண்ணாடியின் மேல் வைத்தால், அடியில் 44 எழுத்துகள் வீதம் அச்சிட்டுள்ள இரண்டு வரிகளை அது வாசிக்கிறது. அந்த வரிகளிலுள்ள கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி ஆகியவற்றைத் திறவுகோலாகக் கொண்டு உள்ளே பதித்த சில்லைத் திறந்து, அதிலுள்ள படத்தை எதிரே நிற்பவரின் முகத்தோடு ஒப்பிட்டு, தேடப்படுவோர் பட்டியலையும் சரிபார்த்த பின் வழி விடுகிறது. மலேசியா 1998 இல் உலகிலேயே முதன்முதலாகச் சில்லுள்ள கடவுச்சீட்டை வெளியிட்டது. சாங்கி விமான நிலையத்தில் 2024 முதல் சிங்கப்பூர்வாசிகள் கடவுச்சீட்டைக் கையில் எடுக்காமலேயே முகத்தையும் கருவிழியையும் காட்டிக் கடந்து செல்கிறார்கள். ஆண்டுக்கு 60 இலட்சம் பயணிகளுக்கென அமைக்கப்பட்ட கட்டுநாயக்காவும் இந்த வழிக்கு வந்தே ஆகவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆயினும், எழுதப்பட்டிருப்பதை ஒப்பிடுவதோடு இயந்திரத்தின் வேலை முடிந்துவிடுகிறது. எழுதியவர் செய்த பிழை அதற்குத் தெரியாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளையின் பெயரைத் தந்தை வாயால் சொல்ல, தமிழ் அறியாத ஒருவர் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதிவைக்க, பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்ற, விஜயலெட்சுமி பிறப்புச் சான்றிதழில் ஒருத்தியாகவும் அடையாள அட்டையில் இன்னொருத்தியாகவும் ஆகிவிடுகிறாள். பிறகு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலகத்துக்கு நான்கு நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) இல்லை.

இந்தக் குறைக்கு வரலாறு உண்டு. தமிழகத்தின் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக அடைத்து வைக்கப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட நம் முன்னோரிடம், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைத்தான் கொடுத்தார்கள். அந்த இலக்கம் தெரிந்தால் ஆள் எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டும் என்பது தெரிந்துவிடும். 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ, யாரும் அவர்களுக்குக் கொடுத்திராத பத்திரங்களை அவர்களிடமே கேட்டது. குடியுரிமை கிடைக்காமல் எஞ்சியோருக்கு அதை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருந்தோம். இவ்வளவு காலம் கழித்து அவசர அவசரமாக எழுதப்பட்ட பதிவுகள்தாம் இன்று நம் கைகளில் இருக்கின்றன.

விரல் விடயமும் உண்டு. 2015 ஆகஸ்ட் முதல் 16 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டோர் கடவுச்சீட்டுக்கு விரலடையாளம் கொடுக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்குத் துணையாக நான் போயிருந்தேன். அவருடைய பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் இருந்த வெடிப்புகளுக்குள் தேயிலைக் கறை இறங்கி, கோடு கோடாகக் கறுத்திருந்தது. கருவி அந்த விரல்களை ஏற்கவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. தலை எண்ணெயைத் தொட்டுத் தடவி வைத்தார், அப்போதும் இல்லை. “இருபது வருசமா இந்தக் கையாலதான் தம்பி உழைக்கிறேன், வேற கைக்கு நான் எங்க போவேன்” என்று என்னிடம் திரும்பிக் கேட்டார். ஐந்தாம் முறை ஏற்றுக்கொண்டது. முகத்தை ஒப்பிடும் மென்பொருளிலும் முழு நம்பிக்கை வைப்பதற்கில்லை: அவற்றுள் பல, ஐரோப்பிய முகங்களைவிட ஆசிய, ஆபிரிக்க முகங்களையே அதிகமாக ஆள்மாறி அடையாளம் காண்கின்றன என்று அமெரிக்கத் தேசிய தரநிர்ணய நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

ஆகவே, சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்து யார் என்பதே என் கேள்வி. 2024 மே 7 அன்று பிரித்தானியா முழுவதும் இந்த வாயில்கள் செயலிழந்தபோது, பயணிகள் அதிகாரிகளின் முன்னால்தான் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். கட்டுநாயக்காவில் எத்தனை வாயில்கள் வந்தாலும், அவற்றின் பக்கத்திலேயே தமிழ் பேசும் அதிகாரி ஒருவர் இரவும் பகலும் இருக்கவேண்டும். அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியிருக்கையில், முதன்முறையாக விமானம் ஏறும் ஒரு பெண் தன் பெயர் ஏன் பொருந்தவில்லை என்பதைத் தன் மொழியில் சொல்லக் கேட்பதற்கு ஓர் ஆளை நிறுத்துவது சலுகை ஆகாது. தோட்டங்களுக்கே வந்து பதிவுகளைத் திருத்தித் தரும் நடமாடும் சேவைகளைத் தொடர்ந்து நடத்துமாறும் நம் பிரதிநிதிகள் நெருக்கவேண்டும். வாயில்களுக்குச் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால், அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

உங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் மூன்றையும் இன்றே ஒரே மேசையில் விரித்து வையுங்கள். பெயரையும் தந்தையின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், முகவருக்குப் பணம் கட்டுமுன் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.