கண்மாய்க்கு எத்தனை ஆபீஸ்?

அன்புள்ள ஐயா,

நான் தேவிபட்டினம் பக்கத்துக்காரன், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் ஆட்சி எந்திரத்தை வளர்ச்சிக்காக மாற்றியமைத்தன என்று பாடத்தில் வருகிறது. எங்கள் ஊரில் அப்படி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வரி வசூலிக்க வெள்ளைக்காரன் வைத்த கலெக்டர் பதவிதான் இன்னும் இருக்கிறது, தமிழில் 'ஆட்சியர்' என்கிறோம். 1947லேயே மொத்தமாகக் கலைத்திருந்தால் முன்னேறியிருப்போம் அல்லவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, பெல்ஜியம் ஆண்டுகொண்டிருந்த ஆப்பிரிக்க நாடு காங்கோ இருக்கிறது. 1960 ஜூன் 30 விடுதலை. சில நாட்களிலேயே படையில் கலகம், சில வாரங்களில் பெல்ஜிய அதிகாரிகளில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். பட்டம் படித்த உள்ளூர்க்காரர்கள் அப்போது முப்பது பேர்கூட இல்லை. நாடு ரத்தக்களறியானது. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் பட்டேல் பழைய ஐ.சி.எஸ். ஆட்களுக்காக (வெள்ளைக்காரன் காலத்து உயர் அதிகாரிகள்) வாதாடியதும் இவர்கள் இல்லையென்றால் நாடு சிதறும் என்ற கவலையில்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தப்பு வேறு இடத்தில். புது வேலை வந்தபோதெல்லாம் புதுசாக ஒரு துறையைத் தொடங்கினோம், ஊர் மட்டத்தில் அதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க அதிகாரமுள்ள ஒருத்தரை வைக்கவில்லை. 1952 அக்டோபர் 2ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் 55 இடங்களில் தொடங்கியபோது ஏறக்குறைய ஐந்து கிராமத்துக்கு ஒரு கிராம சேவக் என்று போட்டார்கள். விதை, உரம், சுகாதாரம், முதியோர் கல்வி எல்லாம் அவர் தலையில், அதிகாரம் மட்டும் இல்லை. மக்கள் இதைத் தங்கள் வேலையாக நினைக்கவில்லை என்று 1957ல், திட்டத்தை ஆராய அரசு போட்ட பல்வந்த்ராய் மேத்தா குழு சொன்னது. அடுத்த வருஷமே சென்னை மாநிலத்தில் ஊராட்சிச் சட்டம், ஊராட்சி ஒன்றியம். சரி, அதனால் தீர்ந்ததா?

எங்கள் கண்மாயைச் சொல்கிறேன். நம் பக்கம் மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர், கடைசிக் கண்மாய்க்கு அப்பால் கடல். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் பொதுப்பணித் துறைக்கு (2021க்குப் பிறகு நீர்வளத் துறை), குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. வரத்துக்காலில் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறையும் வர வேண்டும். ஒரு ஐப்பசியில் மேலே கலுங்கு பாய்கிறது, எங்களுக்கு முழங்கால் தண்ணீர்கூட இல்லை. நடந்து போய்ப் பார்த்தால் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவை, அதன் தூரில் சேறும் பாலிதீன் பையும் அடைத்து, தண்ணீரெல்லாம் பக்கத்துத் தரிசில் பரவிக் கிடக்கிறது. மூன்று ஆபீஸில் மனுக் கொடுத்தோம். மூன்று இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒவ்வொருவர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரி. நெல் பொதிப் பருவத்தில் கருகியது.

முன்னே ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருத்தர் இருந்தார். மூச்சைப் பிடித்து முங்கி மடையைத் திறப்பார், எங்கே அடைப்பு எங்கே உடைப்பு என்பது அவருக்கு அத்துப்படி, கூலியாக அறுவடையில் நெல். ஜமீன் காலத்திலும் கண்மாய்கள் தூர்ந்துதான் கிடந்தன, அதைப் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1948ன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரவேண்டிய சட்டம். ஆனால் கண்மாய் அரசாங்கத்துக்குப் போனபோது எங்கள் நீர்ப்பாய்ச்சிக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

நம் கடற்கரை ஆட்கள் பிழைக்கப் போன மலாயா (இன்றைய மலேசியாவின் ஒரு பகுதி) 1957ல் விடுதலை பெற்றது. வெள்ளைக்காரன் வைத்த மாவட்ட அதிகாரியை அவர்களும் கலைக்கவில்லை. ஆனால் துணைப் பிரதமராக இருந்த அப்துல் ரசாக் மாவட்டத்துக்கு ஒரு பெரிய சிவப்புப் புத்தகம் வைக்கச் சொன்னார். ரோடு, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் அதன் வரைபடங்களில் வந்தாக வேண்டும், எல்லாத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். அப்புறம் அவரே நேரில் போய், நின்றுபோன வேலை ஏன் நின்றது என்று கேட்பார். அதிலும் மேலிடத்துக் கட்டளைதான் அதிகம், ஊர்க்காரர் பேச்சு குறைவு. ஆனாலும் "அது என் துறை இல்லை" என்று சொல்லித் தப்பிப்பது அங்கே கஷ்டமாக இருந்தது.

மழைக்கு முன்னால் ஒருநாள் உங்கள் ஊர் வரத்துக்காலில் மேல் கண்மாய் வரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது, அந்த இடம் எந்த ஆபீஸ் கணக்கில் வருகிறது என்று விசாரித்து எழுதுங்கள், இங்கே போடுகிறேன்.