முதலில் நிக்காஹ்வை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மேல்மாடியில் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்த அஹ்மதியாக் குடும்பமொன்று வாடகைக்கு இருக்கிறது. தங்களை முஸ்லிம்கள் என்கிறவர்கள்; பாகிஸ்தான் சட்டம் அதை ஏற்பதில்லை. தாயும் மூன்று பிள்ளைகளும். தகப்பன் 2023இல் கனடாவில் வைத்த அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. கோரிக்கை வைத்தபோது மூத்த மகளுக்கு 20 வயது. இப்போது 22 தாண்டிவிட்டது. "பெரியவளைக் கனடாவுக்கு எடுக்க ஏலாது" என்று யாரோ சொன்னதால், இங்கேயே இன்னோர் அகதிப் பையனுக்கு அவளை நிக்காஹ் செய்துவைக்கப் பார்க்கிறார்கள். தகப்பனோ சுகமில்லாத தன் தாயைப் பார்க்கப் பாகிஸ்தானில் உள்ள ரப்வா நகருக்குப் போய்வர நினைக்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகி, நீர்கொழும்பு

பதில்: நிக்காஹ்வை நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

22 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளையைத்தான் கனடாச் சட்டம் தங்கிவாழும் பிள்ளை என்கிறது. ஆனால் இவர்கள் விஷயத்தில் வயதை இன்றைய தேதிக்குப் பார்ப்பதில்லை. தகப்பன் அகதிக் கோரிக்கை வைத்த நாளோடு வயது நின்றுவிடும். அன்றைக்கு 20 என்றால் கோப்பில் அவள் 20தான். நின்றது வயது மட்டுமே. கல்யாணம் ஆகிவிட்டதா என்பதை விசா தரும் நாள்வரை பார்ப்பார்கள். பதிவில்லாத நிக்காஹ் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் வந்து சொல்வார், கேட்காதீர்கள். மறைத்தது பிடிபட்டால் ஐந்தாண்டுத் தடை விழும்.

அடுத்தது படிவம். தகப்பன் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது மனைவி, பிள்ளைகள் நான்கு பேரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். என் மேசைக்கு வந்த ஒரு கோப்பில், கைக்குழந்தைதானே, பிறகு போடலாம் என்று கடைசிப் பிள்ளையை விட்டிருந்தார்கள். பிறகு அவனை எடுக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. இவர்களுடைய விண்ணப்பமும், தகப்பனுக்கு வதிவிடம் கிடைத்து ஓராண்டு முடிவதற்குள் போய்விட வேண்டும். வருமானம் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

பெற்றோரின் நிக்காஹ்நாமா (திருமண ஒப்பந்தப் பத்திரம்), பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஐ.நா. அகதிகள் முகவரகம் தந்த சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். திடீரென்று வீட்டைவிட்டு ஓட நேர்ந்தால் தாள்கள் கையில் இருக்காது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு உங்கள் ஊரில் இப்படிப்பட்ட குடும்பங்களை வீட்டைவிட்டு விரட்டினார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் கிடந்தார்கள். கதவைச் சாத்தியவர்களில் வீட்டுக்காரர்களும் உண்டு. நீங்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

தகப்பன் ரப்வா போகவே கூடாது. அஹ்மதியர் ஒருவர் தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொண்டாலே மூன்றாண்டுவரை சிறை என்கிற 1984 சட்டம் இருக்கிற நாடு அது. அங்கிருந்து தப்பி வந்தேன் என்றவர், அதே நாட்டுக்குச் சுகம் விசாரிக்கப் போய்வந்தால் அதிகாரி என்ன நினைப்பார்? பாகிஸ்தான் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலே பாதுகாப்பு ரத்தாகும் ஆபத்து உண்டு. வதிவிடம் கிடைத்திருந்தால் அதுவும் கூடவே போகும். குடும்பத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கனடா தரும் அகதிப் பயண ஆவணத்தில் இலங்கைக்கு விசா கேட்கட்டும்.

கோரிக்கை வைத்த தேதி உள்ள கடிதம் அவரிடம் இருக்கும். அதை அனுப்பச் சொல்லி, மகளின் பிறப்புப் பத்திரத்தோடு தேதியை ஒத்துப் பாருங்கள். அன்றைக்கு 22 ஆகவில்லை என்றால் பையன் வீட்டாருக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.