வெள்ளைக் கோடு விழுந்த கப்பல்

கேள்வி: பழைய படங்கள் விற்கும் கடையில் ஒரு தாள் வாங்கினேன். கரையில் பெரிய கப்பல் கட்டுகிறார்கள். முன்னால் பையன்கள் பொம்மைப் படகு செய்கிறார்கள். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி, 1873’ என்று போட்டிருக்கிறது. படத்தின் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா ஐயா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கோட்டுக்காகக் கவலைப்படாதீர்கள் அம்மா. அது மரக்கட்டைகளின் மூட்டு.

நியூயார்க்கிலிருந்து வந்த அந்த வார இதழுக்காக வின்ஸ்லோ ஹோமர் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த படம் அது. மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம். 1873 அக்டோபர் 11 இதழ். ஹோமர் வரைந்ததோடு சரி. அச்சடிப்பதற்காக அதை மரக்கட்டையில் செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். அதற்கு பாக்ஸ்வுட் என்ற மரம்தான் வேண்டும். இரும்பு மாதிரி கெட்டி, ஆனால் அடிமரம் பருக்காது. முழுப்பக்கப் படத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து, பின்னால் திருகாணி போட்டு முடுக்குவார்கள். அவசரமென்றால் துண்டுகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானம், ஒருவர் பாய்மரம். திரும்பப் பூட்டும்போது இம்மி இடைவெளி விழுந்தாலும் அங்கே மை ஏறாது, வெள்ளையாக நிற்கும்.

நான் அச்சகத்தில் இருந்த காலத்தில் எங்களுக்கு நேர்மாறான தொல்லை. துத்தநாக ப்ளாக்கை, அதாவது படம் பொறித்த தகட்டை, கட்டையில் ஆணியடித்துப் பொருத்துவோம். ஓர் ஆணி தலைதூக்கினால் போதும், மாப்பிள்ளை கன்னத்தில் கரும்புள்ளி. கல்யாண மலர் ஒன்றுக்காக நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் கேட்கிறது.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். மூட்டுக் கோடு பிற்கால நகலிலும் அப்படியே வந்துவிடும். அதை மட்டும் நம்ப முடியாது. தாளைச் சட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அந்த இதழின் செய்தியோ கதையோ ஓடினால் நல்ல அறிகுறி. அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக் கோடுகளைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் நகல். வண்ணம் இருந்தால் அது பிறகு யாரோ தீட்டியது. இதழில் வந்தது கறுப்பு வெள்ளைதான்.

கண்ணாடி கையில் இருக்கும்போதே கப்பலின் வயிற்றுப் பக்கம் வேலை செய்யும் ஓடாவிகளையும் பாருங்கள். எறும்பு அளவுதான் இருப்பார்கள். கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பொடியன்களுக்குத்தான் ஹோமர் முன்வரிசை கொடுத்திருக்கிறார்.