130க்கு 40: கவுன்ட்டவுன் ஸ்கோர்போர்டு சொல்லாத கணக்கு

வணக்கம் சார்,

பிரிட்டனின் சேனல் 4இல் வரும் கவுன்ட்டவுன் நிகழ்ச்சியை யூடியூபில் நானும் என் மகளும் தொடர்ந்து பார்க்கிறோம். அவள் எட்டாம் வகுப்பு. போன வாரம் பார்த்த ஒன்றில் ஒருவர் நூற்றைத் தாண்டி எங்கோ போய்விட்டார். எதிரில் இருந்தவர் நாற்பதோடு நின்றுவிட்டார். ஆனால் பல ரவுண்டுகளில் தோற்றவரும் நல்ல வார்த்தைதான் சொன்னார். தகுதியில்லாதவரை ஏன் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள்? பாதியிலேயே ஜெயித்தாகிவிட்டதே, அப்புறமும் ஏன் அந்த ஆளைப் போட்டு அடிக்கிறார் என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இதை வீட்டில் விளையாடினாலும் இதே கதைதான். நான் ஜெயிக்கிறேன், அவள் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். ஏதாவது வழி உண்டா?

அன்புடன்,
செந்தில்

அன்புள்ள செந்தில்,

தோற்றவர் தகுதியில்லாதவர் அல்ல. தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். நீங்கள் பார்த்த பள்ளத்தில் பெரும்பகுதி ஸ்கோர் போடும் விதி வெட்டியது. மீதியை ஆட்டக்காரர்கள் இருவரும் தெரிந்தே வெட்டியிருப்பார்கள்.

முதலில் விதி. இப்போதைய ஆட்டத்தில் 15 ரவுண்டு. 10 எழுத்து, 4 எண், கடைசியில் கனன்ட்ரம் என்கிற 9 எழுத்துப் புதிர். எழுத்து ரவுண்டில் ஒன்பது எழுத்துகளை வைத்து 30 விநாடியில் முடிந்தவரை நீளமான ஆங்கிலச் சொல் பிடிக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒன்பதையும் பயன்படுத்தினால் 18. எண் ரவுண்டில் ஆறு எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து ஒரு மூன்று இலக்க எண்ணை எட்ட வேண்டும். இலக்கைச் சரியாகத் தொட்டால் 10, ஐந்துக்குள் வந்தால் 7, பத்துக்குள் வந்தால் 5. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது, அந்த ரவுண்டில் யாருடையது மேலானதோ அவருக்கு மட்டுமே புள்ளி என்பதை. இருவரும் சமம் என்றால் இருவருக்கும் உண்டு. ஓர் எழுத்து குறைந்தால் ஒன்றுமே இல்லை. 7 எழுத்துக்கு எதிராக 6 எழுத்து சொன்னால் அந்த ரவுண்டு 7-6 ஆகாது, 7-0 ஆகும்.

ஓர் ஆட்டத்தைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். பத்து எழுத்து ரவுண்டுகளில் முதல் ஆள் கண்டுபிடித்த சொற்களின் நீளம்: 8, 7, 7, 8, 6, 7, 9, 7, 7, 8. இரண்டாம் ஆளுக்கு: 6, 7, 6, 7, 6, 6, 6, 6, 7, 6. கூட்டினால் 74 எழுத்துக்கு 63. நல்ல ஆட்டக்காரருக்கும் மிக நல்ல ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். 30 விநாடியில் பத்து முறையும் 6 அல்லது 7 எழுத்துச் சொல் பிடிப்பது லேசான காரியமல்ல, பேனாவோடு உட்கார்ந்து பாருங்கள். ஆனால் ஸ்கோர்போர்டில் விழுவது 83-20. இருவரும் சமமாக வந்த மூன்று ரவுண்டுகளில் மட்டும்தான் இரண்டாம் ஆள் பக்கம் எண் நகர்ந்தது.

எண் ரவுண்டு நான்கில் இரண்டை இருவரும் சரியாகப் போட்டார்கள். மூன்றாவதில் இரண்டாம் ஆள் 1 தள்ளி நின்றார், எதிராளி சரியாக அடித்தார். நான்காவதில் எதிராளி 2 தள்ளி, இவர் 4 தள்ளி. புள்ளி 37-20. கனன்ட்ரத்தின் 10 புள்ளியும் முதல் ஆளுக்கே. மொத்தம் 130-40. இதையே அவரவர் கண்டுபிடித்ததற்கு அவரவர் புள்ளி என்று எழுதினால் 130-97 வரும். நீங்கள் பார்த்த ஆட்டத்தையும் ஒரு காகிதத்தில் இப்படி எழுதிப் பாருங்கள். தோற்றவர் சொல்லிப் பூஜ்யம் வாங்கிய சொற்களின் நீளத்தையும் சேர்த்து எழுதினால் உங்கள் மகளின் பரிதாபம் பாதியாகக் குறையும்.

அந்த ஓர் எழுத்து எங்கே தவறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். எஸ், ஆர், என், ஜி, எல், எம், இ, ஏ, ஐ என்று ஒன்பது எழுத்து வருகிறது. யார் கண்ணிலும் முதலில் படுவது பாடகர் என்னும் பொருளுள்ள சிங்கர், 6. கொஞ்சம் பழகியவர்கள் ஐ-என்-ஜி மூன்றையும் தனியாக ஒதுக்கிவிட்டு மீதியைப் பார்ப்பார்கள். சீல் மிஞ்சுகிறது, சீலிங், 7. இன்னும் தேர்ந்தவர் அதே வழியில் ஸ்மியர் என்பதைப் பிடித்து ஸ்மியரிங் என்று 8க்குப் போவார். ஐ-என்-ஜி வழியை விட்டவருக்கு மினரல்ஸ், 8. கிரெம்லின்ஸ், அதுவும் 8.

ஒன்பதுக்கும் இங்கே வழி இருக்கிறது. அவதூறு செய்வது என்னும் பொருளுள்ள மலைன் என்ற வினையோடு இ-ஆர்-எஸ் சேர்த்தால் மலைனர்ஸ், சரியாக 9. ஆனால் வினையோடு 'இ-ஆர்' ஒட்டி ஆளைக் குறிக்கும் எல்லாச் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியிருக்காது. டிக்‌ஷனரி கார்னரில் 1992 முதல் உட்கார்ந்து, சொல் செல்லுமா என்று அகராதி பார்த்துச் சொல்லும் சூசி டென்ட் இல்லை என்று தலையாட்டிவிட்டால் பூஜ்யம். புதியவர்களைக் கவிழ்ப்பதில் இந்த 'இ-ஆர்' சொற்களுக்கு முதலிடம். அதே எழுத்துகளில் மலிங்கர்ஸ் என்றொரு சொல் உண்டு. வேலைக்கு டிமிக்கி கொடுக்க நோய்வாய்ப்பட்டது போல நடிப்பது. அது வினைச்சொல், எஸ் சேர்ப்பதில் வில்லங்கமே இல்லை. அது தெரிந்தவருக்கு 18, மினரல்ஸ் சொன்னவருக்கு 0. எட்டு எழுத்துச் சொல்லைக் கண்டுபிடித்துவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பது இந்த விளையாட்டில் சகஜம்.

எண் ரவுண்டிலும் இதே கொடுமை உண்டு. 1997இல் ஜேம்ஸ் மார்ட்டின் என்ற போட்டியாளர் போட்ட கணக்கு ஒன்று இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. அவர் போட்டது: 100+6=106, அதை 3ஆல் பெருக்கி 318, அதை 75ஆல் பெருக்கி 23,850, அதில் 50 கழித்து 23,800, கடைசியில் 25ஆல் வகுத்து 952. பார்ப்பவர்கள் அந்த ஐந்து இலக்கப் பெருக்கலைக் கண்டு வாய்பிளக்கிறார்கள். சூட்சுமம் பெருக்கலில் இல்லை. 106ஐ 9ஆல் பெருக்கினால் 954 என்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். 75ஐ 25ஆல் வகுத்தால் 3, அதைக் கையில் உள்ள 3ஆல் பெருக்கினால் 9. இலக்குக்கு 2 அதிகம். மிச்சம் இருப்பது 50 மட்டும். 50ஐ 25ஆல் வகுத்தால் அந்த 2 கிடைக்கும், ஆனால் 25தான் ஏற்கெனவே செலவாகிவிட்டதே! ஓர் எண்ணை ஒருமுறைதான் தொடலாம். அதனால் 75க்கும் 50க்கும் தனித்தனியாக வகுக்காமல், 50ஐ முதலில் கழித்துவிட்டுக் கடைசியில் மொத்தத்தையும் ஒரே 25ஆல் வகுக்கிறார். ஒரு 25 இரண்டு வேலை செய்கிறது. பள்ளிக்கூடத்துப் பொதுக் காரணி எடுக்கும் பாடம்தான், அரை நிமிடத்தில் செய்ததுதான் விஷயம்.

954 போட்டவரும் சாமானியர் அல்ல. ஆனால் 952 போட்டவருக்கு எதிரில் அவருக்கு 7 கூடக் கிடையாது.

இனி உங்கள் மகளின் கேள்வி. ஜெயித்த பிறகும் ஏன் அடிக்கிறார்? ஏனென்றால் அவருக்கு இன்னும் ஆட்டம் முடியவில்லை. ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்கும் உட்காருவார், தொடர்ந்து 8 வரை. எட்டும் ஜெயித்தால் ஆக்டோசாம்ப் என்று பெயர். சீசன் முடிவில் சிறந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டு இறுதிச் சுற்று நடத்துகிறார்கள். அந்த வரிசை முதலில் வெற்றி எண்ணிக்கைப்படி, அதில் சமம் வந்தால் மொத்தப் புள்ளிப்படி. எட்டு வெற்றிக்காரர்கள் பலர் வந்துவிட்டால் புள்ளிதான் யார் எந்த இடம் என்று தீர்மானிக்கிறது. ஆகவே பத்தாவது ரவுண்டில் 60 புள்ளி முன்னால் இருந்தாலும் கனன்ட்ரத்தின் 10 அவருக்கு வேண்டும்.

தோற்பவர் நிலை நேர்மாறு. ஒருமுறை தோற்றால் வீட்டுக்கு. 90 எடுத்துத் தோற்றாலும் 30 எடுத்துத் தோற்றாலும் கொடுத்தனுப்பும் நினைவுப் பரிசுக்கு மேல் ஒன்றும் மாறாது. எனவே பின்தங்கியவர் புள்ளியைக் காப்பாற்ற ஆடக் கூடாது. துணிய வேண்டும். துணிந்தது பாதி நேரம் தவறும், தவறினால் இடைவெளி இன்னும் விரியும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அது சரிவு மாதிரி தெரியும். அவர் சரியாகத்தான் ஆடுகிறார்.

அந்தத் துணிச்சலுக்கும் கணக்கு உண்டு. எழுத்துகளைக் கேட்டு வாங்கியவர்தான் முதலில் நீளத்தை அறிவிக்க வேண்டும். அவர் 6 என்கிறார் என்று வைப்போம். உங்களிடம் நிச்சயமான 6 ஒன்று, சந்தேகமான 7 ஒன்று. 6 சொன்னால் இருவருக்கும் 6, இடைவெளி அப்படியே. 7 சரியானால் உங்களுக்கு 7 லாபம், தவறினால் அவருக்கு 6 லாபம். 13இல் 6 பங்கு, அதாவது 46 சதவீத நம்பிக்கைக்கு மேல் இருந்தால் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே 7ஐச் சொல்லிவிடலாம். 50 புள்ளி பின்தங்கிய ஆள் 30 சதவீத நம்பிக்கைக்கும் சொல்ல வேண்டியதுதான். அவர் 7 என்று அறிவித்துவிட்டாலோ யோசிக்கவே வேண்டாம். அவர் சொல் செல்லாமல் போனாலொழிய உங்கள் 6க்கு மதிப்பில்லை. இந்த இடத்தில் பாதுகாப்பாக 6 சொல்பவர்தான் உண்மையில் தவறாக ஆடுகிறார், அப்படிச் சிலர் ஆடவும் செய்கிறார்கள்.

எண் ரவுண்டில் ஆறு அட்டைகளில் எத்தனை பெரியது, எத்தனை சிறியது என்பதை வரிசை வந்தவர் கேட்டு வாங்கலாம். ஒரு பெரியது, ஐந்து சிறியது கேட்டால் கணக்கு பெரும்பாலும் எளிது. 75, 2, 8, 5, 9, 3 வந்து இலக்கு 683 என்றால் 75ஐ 9ஆல் பெருக்கி 8 கூட்டினால் முடிந்தது. இருவரும் போட்டுவிடுவார்கள், 10-10, இடைவெளி மாறாது. முன்னால் இருப்பவருக்கு அது வசதி. பின்னால் இருப்பவர் நான்கு பெரியது, இல்லையென்றால் ஆறும் சிறியது என்று கேட்க வேண்டும். அங்கேதான் யாராவது ஒருவர் தவறுவார். தவறுவது கேட்டவரேயாகவும் இருக்கலாம், ஆனால் வேறு வழியில்லை.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே நாளில் ஐந்து நிகழ்ச்சிகள் வரை பதிவு செய்கிறார்கள். நாற்காலியில் இருக்கும் சாம்பியன் அன்று காலையிலிருந்தே நாலு பேரைத் தோற்கடித்துச் சூடாகியிருக்கலாம். எதிரில் உட்காருபவருக்கு அந்த வெளிச்சமும் கடிகார இசையும் முதல் அனுபவம்.

வீட்டு ஆட்டத்துக்கு வருவோம். எண்ணுக்கு 24 அட்டை வேண்டும். 25, 50, 75, 100 ஒவ்வொன்று, 1 முதல் 10 வரை இரண்டிரண்டு. இலக்குக்கு 0 முதல் 9 வரை சீட்டு எழுதிப் போட்டு மூன்று முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். முதல் சீட்டு 0 என்றால் மறுபடி. எழுத்துக்கு ஒவ்வொன்றிலும் இத்தனை என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள், க்யூவும் எக்ஸும் அதிகமாகி ஆட்டம் கெடும். ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து 150 எழுத்தை வரிசையாக அட்டையில் எழுதிவிட்டு, வவல் ஒரு கட்டு, மற்றவை ஒரு கட்டு என்று பிரியுங்கள். ஒய் இரண்டாவது கட்டில். மொழியில் எது எவ்வளவு புழங்குகிறதோ அதே விகிதம் தானாக வந்துவிடும். ஒன்பதில் வவல் நாலு இருந்தால் நல்லது, மூன்றுக்குக் குறையக் கூடாது. எந்த அகராதி என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவுசெய்யுங்கள், சண்டையில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

மகளுக்கு 30 விநாடி, உங்களுக்கு 20. புள்ளி அவரவர் கண்டுபிடித்ததற்கு அவரவருக்கு. ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு, கவனியுங்கள். இந்த முறையில் நிச்சயமான 6ஐ விட்டுச் சந்தேகமான 7 சொல்பவருக்குச் சரியானால் 1 புள்ளிதான் கூடுதல், தவறினால் 6 நஷ்டம். 86 சதவீத நம்பிக்கை இல்லாமல் யாரும் துணியமாட்டார்கள், ஆட்டம் சவசவ என்று போகும். அதற்காக நீளமான சொல்லுக்கு 2 புள்ளி போனஸ் வையுங்கள், எதிராளியும் செல்லுபடியாகும் சொல் சொல்லியிருந்தால் மட்டும். அப்போது மூன்றில் இரண்டு பங்கு நம்பிக்கை இருந்தாலே அவள் தன் 7ஐச் சொல்லிப் பார்ப்பாள். ஒன்பதுக்கு 18 என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.