ஒரு நிறுவனம் நடத்தும் ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு நான் கோட் எழுதிக் கொடுத்தால், நாளை அவர்கள் லைசென்ஸை மாற்றிவிட முடியுமா? அதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

சில திட்டங்களில் ஒரே நாளில் மாற்றிவிடலாம், சிலவற்றில் நினைத்தாலும் முடியாது. உங்கள் திட்டம் எந்த வகை என்று அறிய லைசென்ஸ், நீங்கள் ஒப்புக்கொள்ளும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் (சிஎல்ஏ), பெயரின் உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிறுவனம் வாயால் கொடுக்கும் வாக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2018-ல், ரெடிஸ் என்ற டேட்டாபேஸை நடத்தும் ரெடிஸ் லேப்ஸ் தன் மாட்யூல்களின் (கூடுதல் வசதிப் பகுதிகளின்) உரிமத்தை மாற்றியபோது, மையக் கோட் பிஎஸ்டி உரிமத்திலேயே தொடரும் என்று சொன்னது. 2024 மார்ச் 20 அன்று அந்த மையக் கோடே 7.4 பதிப்பு முதல் ஆர்எஸ்ஏஎல், எஸ்எஸ்பிஎல் என்ற இரட்டை உரிமத்துக்குப் போனது. இரண்டுமே, எது ஓப்பன் சோர்ஸ் உரிமம் என்று அங்கீகரிக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்காத உரிமங்கள்.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "சிஎல்ஏ எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அதனால் என் கோட் பத்திரம்" என்று நினைக்கிறார்கள். பிஎஸ்டி, எம்ஐடி போன்ற தளர்வான உரிமங்களில் அது உண்மையில்லை. உங்கள் பெயரும் உரிமக் குறிப்பும் நீக்கப்படாமல் இருந்தால் போதும், அந்தக் கோடை மூடிய பொருளுக்குள் வைக்கவும் யாருக்கும் அனுமதி உண்டு. நிறுவனத்துக்கும் அதே அனுமதிதான். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

நேர் எதிர்ப்பக்கம் லினக்ஸ் கெர்னல். உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, அதாவது கோடை மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. உரிமத்தை மாற்ற வேண்டுமானால் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும், மறுப்பவர்களின் கோடைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். நடக்கிற காரியமல்ல. 2004 முதல் அங்கே சிஎல்ஏவுக்குப் பதில் டிசிஓ என்ற முறை இருக்கிறது. கிட்டில் மாற்றத்தைப் பதியும்போது, அதாவது கமிட் செய்யும்போது, எஸ் கொடியை (-s) சேர்த்தால் 'சைன்ட் ஆஃப் பை' என்று உங்கள் பெயரோடு ஒரு வரி ஏறும். இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு, திட்டத்தின் உரிமத்திலேயே தருகிறேன் என்பது அதன் பொருள். நிறுவனத்துக்கு அதைத் தாண்டி எந்தச் சலுகையும் போவதில்லை.

ஹாஷிகார்ப் நிறுவனத்தின் டெராஃபார்ம் (சர்வர்களைக் கோட் மூலம் அமைக்கும் கருவி) இந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது. அதன் எம்பிஎல் 2.0 உரிமம் கோப்பு அளவில் கட்டுப்படுத்தும்: அந்த உரிமத்தில் வந்த கோப்பு அதே உரிமத்தில்தான் தொடர வேண்டும். வெளியார் கோட் எம்பிஎல்லில் மட்டும் வந்திருந்தால், அந்தக் கோப்புகளை வேறு உரிமத்துக்கு நகர்த்த ஹாஷிகார்ப்பால் முடிந்திருக்காது. அதற்கு வழிவிட்டது சிஎல்ஏ. 2023 ஆகஸ்ட் 10 அன்று, போட்டியாளர்களின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாறும் அறிவிப்பு வந்தது.

எனவே சிஎல்ஏவை வரிவரியாகப் படியுங்கள். "பதிப்புரிமை உங்களிடமே இருக்கும்" என்ற வரி பெரும்பாலான படிவங்களில் இருக்கும், அதைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கோடை வாங்குபவர் அதை வேறு உரிமத்தில் மற்றவர்களுக்குத் தர (சப்லைசென்ஸ் செய்ய) அனுமதி கேட்கிறாரா, பதிலுக்கு அவர் எதற்காவது கட்டுப்படுகிறாரா என்று தேடுங்கள். அப்பாச்சி அறக்கட்டளையின் படிவமும் சப்லைசென்ஸ் அனுமதி கேட்கிறது. ஆனால் பொதுநலனுக்கும் தன் லாப நோக்கற்ற நிலைக்கும் முரணாக உங்கள் பங்களிப்பைப் பயன்படுத்த மாட்டோம் என்று அதே படிவத்தில் எழுதியும் தருகிறது. அதுபோல ஒரு வரிகூட இல்லாத படிவத்தை லாப நோக்குள்ள நிறுவனம் நீட்டினால், கதவு திறந்தே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் வேலை பார்ப்பவர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். அலுவலக வேலையில் எழுதிய பேட்ச்சை எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்து, கமிட் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ரெப்போவில் கிட் ஷார்ட்லாக் கட்டளையை மின்னஞ்சல் காட்டும் கொடியோடு, கடந்த ஓராண்டுக்கு மட்டும் ஓட்டினால் யார் எழுதுகிறார்கள் என்பது ஓரளவு தெரியும். அந்தக் கோடை ஏற்று மெர்ஜ் செய்பவர்களைத் தனியாக எண்ணுங்கள், ஏனென்றால் எழுதும் கையும் முடிவெடுக்கும் கையும் பல திட்டங்களில் வேறுவேறு. ரெடிஸில் 2020-ல் ஐந்து பேர் கொண்ட மையக் குழு அமைந்தபோது மூவர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். அலிபாபாவிலிருந்து ஒருவரும் அமேசானிலிருந்து ஒருவரும் இருந்தும் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். வணிகச் சின்னம், டொமைன், பேக்கேஜ் தளங்களில் உள்ள கணக்கு ஆகியவை யார் பெயரில் என்றும் பாருங்கள். கோடை நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்தலாம் (ஃபோர்க் செய்யலாம்), பெயரை முடியாது. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்தவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற புதுப் பெயரை மக்கள் மனதில் முதலிலிருந்து பதிய வைக்க வேண்டியிருந்தது.

மாறியே விட்டால்? பழைய உரிமத்தில் வெளியான பதிப்பைத் திரும்பப் பறிக்க முடியாது. ரெடிஸ் 7.2.4-ஐ எடுத்து, அறிவிப்பு வந்த எட்டே நாளில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கீ என்ற ஃபோர்க் பிறந்தது. ஆனால் அதன் பின்னால் அமேசான், கூகுள் கிளவுட், ஆரக்கிள் போன்றவை நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். டெராஃபார்மின் ஃபோர்க்கான ஓப்பன்டோஃபுவைத் தூக்கி நிறுத்தியதும் ஸ்பேஸ்லிஃப்ட் போல டெராஃபார்மை நம்பிப் பிழைப்பு நடத்திய நிறுவனங்கள்தான். பாதுகாப்புத் திருத்தங்கள், வெளியீடுகள், சோதனை சர்வர்களின் செலவு ஆகியவற்றை மாதக்கணக்கில் சுமக்கச் சம்பளம் வாங்கும் ஆட்கள் தேவை. மாலை நேரத்தில் எழுதும் பத்துத் தன்னார்வலர்களிடம் ஒரு டேட்டாபேஸின் ஃபோர்க்கை ஒப்படைத்துவிட்டுச் சமூகம் வென்றது என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஃபோர்க்கில் வேலை செய்தால், புது உரிமத்தில் வந்த கோடைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். குறைபாட்டின் பொது விவரிப்பை மட்டும் படித்து, தீர்வை நீங்களே எழுதுங்கள். 2024 ஏப்ரலில் தங்கள் கோடை நகலெடுத்ததாக ஓப்பன்டோஃபுவுக்கு ஹாஷிகார்ப் வக்கீல் கடிதம் அனுப்பியது. அந்தப் பகுதி பழைய எம்பிஎல் கோடிலிருந்து வந்தது என்று கமிட் வரலாற்றைக் காட்டி ஓப்பன்டோஃபு மறுத்தது. ஒவ்வொரு கமிட்டிலும் மூலத்தைக் குறித்து வைப்பது அப்போதுதான் கைகொடுக்கும்.

2025 மே மாதம் ரெடிஸ் 8-ல் ஏஜிபிஎல் உரிமமும் (மாற்றிய கோடை இணையச் சேவையாகத் தந்தாலும் வெளியிடச் சொல்லும் ஓப்பன் சோர்ஸ் உரிமம்) சேர்ந்துவிட்டதே, இனி பயமில்லையே என்று கேட்கலாம். பயன்படுத்துபவருக்கு அது நல்ல செய்தி. கோட் எழுதித் தருபவரின் நிலை வேறு: அங்கே பங்களித்தாலே சிஎல்ஏவை ஏற்றதாகக் கணக்கு. உங்களையும் என்னையும் ஏஜிபிஎல் கட்டும், நிறுவனம் அதே கோடை வேறு உரிமத்திலும் விற்கலாம்.

சின்னப் பிழைத்திருத்தம் என்றால் சிஎல்ஏவை ஏற்று அனுப்பிவிடுங்கள், இழக்க ஒன்றுமில்லை. மூன்று நான்கு மாத உழைப்பு என்றால் முதலில் டிசிஓ போதுமா என்று பராமரிப்பாளர்களிடம் கேளுங்கள். மறுத்தால், திட்டத்தில் பிளகின் (வெளியிலிருந்து சேர்க்கும் துணைநிரல்) வசதி இருக்கும்பட்சத்தில் உங்கள் கோடைப் பிளகினாகத் தனி ரெப்போவில், உங்கள் பெயரில், நீங்கள் தேர்ந்த உரிமத்தில் வெளியிடுங்கள்.